ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் எழுப்புகிறார்கள்? வசந்தகாலப் பனிச்சரிவு பற்றி ஓர் அறிமுகம்

உத்தராகண்டின் பங்கார்சுல்லா சிகரத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் மலையேற்றம் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் புகார் தூக்கத்தைப் பற்றித்தான் இருக்கும். குல்லாரா முகாமில் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் கூடாரத்தைத் தட்டி எழுப்பி, நெற்றியில் விளக்கை மாட்டி, இருட்டிலேயே நடக்க வைக்கிறார்கள். உச்சியில் ஆசை தீர நின்று படமெடுக்கவும் விடுவதில்லை. வழியில் குழு தாமதித்துவிட்டால், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் "திரும்புங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். காசு கட்டிப் போனவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வழிகாட்டியின் கணக்கு வெயிலைப் பற்றியது. இமயமலையில் ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும், ஒரே இடத்தில் கிடக்கும் பனி காலையில் ஒரு குணத்தோடும் மதியத்தில் வேறு குணத்தோடும் இருக்கும். விடியற்காலையில் பூட்ஸ் தடம்கூடச் சரியாகப் பதியாத இடத்தில், பதினொரு மணிக்கு முழங்கால்வரை கால் இறங்கும். தலைக்கு மேலே இருக்கும் பனி மொத்தமாகக் கிளம்பி வரும் வாய்ப்பும் அந்த நேரத்தில்தான் கூடிக்கொண்டே போகும். ஏன் இப்படி என்பதைப் பனியே பார்த்திராதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் சாய்வு. எல்லா மலையிலும் பனி சரிவதில்லை. சாய்வு 30 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் பனி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். 50, 55 டிகிரிக்கு மேலே போனால் பனி சேர்வதே கடினம், விழ விழ உதிர்ந்துவிடும். இடைப்பட்ட 30 முதல் 45 டிகிரிதான் ஆபத்தான எல்லை, அதிலும் 35 முதல் 40 வரை மிக மோசம். ஒரு சங்கடம் என்னவென்றால், ஏறுவதற்கும் பனிச்சறுக்குக்கும் மனிதர்களுக்கு மிகவும் பிடித்த சாய்வும் இதேதான். கண்ணால் மதிப்பிட்டால் அநேகமாகத் தப்பாகத்தான் வரும். கைபேசியில் சாய்வை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. ஊன்றுகோலைப் பனியின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்தால் எண் தெரிந்துவிடும். நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. மேலே 38 டிகிரிச் சாய்வு ஒன்று இருந்தால் அதிலிருந்து வருவது உங்கள் இடம்வரை வரும், சில சமயம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம்வரைகூட ஏறும்.

அடுத்தது பனியின் உள்ளமைப்பு. மலைமேல் கிடப்பது ஒரே பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. டிசம்பரில் விழுந்தது, ஜனவரியில் காற்று கொண்டுவந்து குவித்தது, நடுவில் வெயிலில் இளகி மறுபடி உறைந்த ஓடு, அதன்மேல் பிப்ரவரிப் பனி என்று அடுக்கடுக்காக இருக்கும். சில அடுக்குகள் உறுதியானவை. சில ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் மணிகளாகவே கடைசிவரை கிடப்பவை. குளிர்காலப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, இப்படிப்பட்ட பலவீனமான அடுக்கு முறிந்து, மேலே பலகை மாதிரி கெட்டியாக இருக்கும் பனி அடுக்கு மொத்தமாக வழுக்கிக் கிளம்புவதால் நடப்பவை. மேற்கத்திய நாடுகளில் மலையேறிகளும் சறுக்கு வீரர்களும் இறந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பனியைக் கிளப்பிவிட்டது அந்தக் குழுவில் இருந்த ஒருவரின் எடைதான் என்று தெரியவந்தது.

வசந்தகாலத்தில் கதை மாறுகிறது. கிளப்பிவிட ஆள் தேவையில்லை, அந்த வேலையை வெயிலே செய்துவிடும். நீங்கள் எதையும் மிதிக்காமல், சத்தம் போடாமல் கீழே ஓரமாக நடந்துகொண்டிருந்தாலும் அது வரும். (கத்தினால் பனிச்சரிவு வரும் என்று சினிமாவில் காட்டுவதெல்லாம் கற்பனை. மனிதக் குரலுக்கு அவ்வளவு விசை கிடையாது.)

இரவில் நடப்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. பனி பகலில் வெள்ளையாக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்வீச்சைப் பொறுத்தவரை அது கரியைப் போலவே நடந்துகொள்ளும், உள்ளே இருக்கும் வெப்பத்தை வானத்துக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வானம் தெளிவாக, காற்று வறண்டு இருந்தால் அந்த வெப்பம் திரும்பி வராது. அதனால் காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதுகூடப் பனியின் மேற்பரப்பு உறைந்து இறுகிவிடும். மேகம் இருந்தால் நிலைமை தலைகீழ். போன வெப்பத்தில் பெரும்பங்கை மேகம் திருப்பி அனுப்பிவிடும். தெர்மாமீட்டர் மைனஸ் ஒன்று என்று காட்டும், பனியோ பாதி இளகியபடியே விடிந்திருக்கும். ஆகவே வசந்தகால மலையில் காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி நட்சத்திரம் தெரிந்ததா என்பது.

உறைதல் எவ்வளவு ஆழத்துக்கு என்பது அடுத்த கேள்வி. இங்கே பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் உதவும். ஒரு கிலோ பனியை மைனஸ் 10 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 21 கிலோஜூல் போதும். பூஜ்ஜியத்திலேயே வைத்து உருக்க 334 கிலோஜூல் வேண்டும். உருகிய நீர் மறுபடி உறையும்போது அதே 334 கிலோஜூலையும் வெளியே விட்டாக வேண்டும். ஒரே இரவில் இவ்வளவு வெப்பத்தை இழப்பது பெரிய வேலை. ஒரு வாரமாக நனைந்து ஊறிய பனியில் ஒரு தெளிவான இரவு சில சென்டிமீட்டர் உறைந்த மேலோட்டை மட்டும்தான் உண்டாக்கும், கீழே எல்லாம் ஈரமாகவே இருக்கும். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தெளிவாக இருந்தால்தான் நம்பகமான கெட்டி கிடைக்கும். முந்தைய நாள் காலை பத்திரமாக இருந்த சாய்வு இன்றும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

பொழுது விடிந்ததும் எல்லாம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். புதிதாக விழுந்த பனி சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பழசாகி, மணி பெருத்து, ஈரம் ஏறி, தூசி படிந்த பனி 50, 60 சதவீதத்தைத்தான் திருப்பும். அதாவது உள்ளே இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. முதலில் மேலோடு கசியும். மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருந்த உறைந்த இணைப்புகள் கரையும். அச்சு வெல்லம் ஈரக்காற்றில் கசிந்து இளகுவதை நம் சமையலறையில் பார்த்திருப்போம், கிட்டத்தட்ட அதேதான் இங்கே பல ஏக்கர் பரப்பில் நடக்கிறது. கொஞ்சம் ஈரம் இருக்கும்வரை பனி நன்றாகவே ஒட்டும், அதனால்தான் பனியுருண்டை பிடிக்க முடிகிறது. ஈரம் கூடிவிட்டால் நீர் மணிகளுக்கு இடையே வழிந்து ஓடி, இணைப்புகளை அறுத்துவிடும். அப்படி இறங்கும் நீர் பழைய உறைந்த ஓடு ஒன்றை அடைந்தால் அங்கே தேங்கும். தேங்கிய இடம் வழுக்கும் தளமாகிவிட்டால் அதற்கு மேலே உள்ளது முழுப் பலகையாகவே கிளம்பும்.

ஈரப் பனிச்சரிவில் இரண்டு வகை உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வரவர விசிறி மாதிரி அகலமாவது ஒன்று. பாறைக்குப் பக்கத்தில்தான் இது அநேகமாகத் தொடங்கும், வெயிலில் சுட்ட பாறை பக்கத்துப் பனியை முதலில் இளக்கிவிடும். முன்னே சொன்ன பலகை வகை இரண்டாவது. அது அபூர்வம், ஆனால் பெரியது, முன்கூட்டிச் சொல்வதும் கடினம். குளிர்காலத் தூள்பனி மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும் என்றால், ஈரப் பனி அதைவிட நிதானமாக வரும். நிதானம் என்பதால் ஓடித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அதன் எடை பயங்கரம். ஒரு கன மீட்டரில் 300, 400 கிலோவுக்கு மேல் இருக்கும், நின்ற மறுநொடியே இறுகிப்போகும், புதைந்தவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

இப்போது திசை. ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளைப் படித்தால் கிழக்குச் சாய்வில் முதலில் வெயில் படும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு, வடக்கு கடைசிவரை பத்திரம் என்று இருக்கும். முதல் மூன்றும் இமயத்துக்கும் பொருந்தும். அந்தக் கடைசி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஆல்ப்ஸ் 46, 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, உத்தராகண்ட் மலைகள் 30, 31 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் உத்தராகண்டில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 73 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். டிசம்பரில் அதே இடத்தில் 36 டிகிரிதான். 35 டிகிரி சாய்ந்த ஒரு வடக்குச் சாய்வை எடுத்துக்கொண்டால், டிசம்பரில் அதன்மேல் வெயில் உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஏப்ரலில் அதே சாய்வின்மீது தாராளமாகவே விழும். "வடக்குப் பக்கம்தானே, மதியத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை" என்கிற பேச்சு இமயத்தில் ஏப்ரல், மே மாதங்களில் எடுபடாது. குளிர்காலம் முழுக்க உருகாமல் இருந்த வடக்குச் சாய்வுக்குள் முதல்முறையாக நீர் இறங்கும் அந்தச் சில நாட்கள் கூடுதலாகவே மோசமானவை, பழைய பலவீன அடுக்குகள் எல்லாம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கும்.

நேரத்திலும் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "பதினொரு மணிக்குள் இறங்கிவிடு" என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தப் பதினொரு மணி? நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. ஏப்ரல் தொடக்கத்தில் கேங்டாக்கில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் உதித்துவிடும், 11:40 வாக்கில் உச்சிக்கு வந்துவிடும். காஷ்மீரின் குல்மார்க்கில் உதயமே 6:20 சுமாருக்குத்தான், உச்சி 12:35 வாக்கில். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். குல்மார்க்கில் பழகியவர் சிக்கிமில் அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடந்தால், வெயில் கணக்கில் ஒரு மணி நேரம் பிந்திவிடுகிறார். அதனால் கடிகார நேரத்தை விட "உதயத்திலிருந்து எத்தனை மணி நேரம்" என்று எண்ணுவதே சரி.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில், 15ஆவது மைலில் பனிச்சரிவு விழுந்து 7 பேர் இறந்தார்கள். நேரம் பகல் 12:20 சுமார். அவர்கள் யாரும் மலையேறிகள் அல்லர், பனியைப் பார்க்க வந்த சாதாரணச் சுற்றுலாப் பயணிகள். அன்றைக்கு அனுமதி 13ஆவது மைல்வரைக்கும்தான் கொடுக்கப்பட்டிருந்தது. சாலையோரம் நின்று பனியில் விளையாடுவதும், படமெடுப்பதும் ஆபத்தில்லாத காரியம் என்றுதான் தோன்றும். மேலே ஒரு சாய்வு இருக்கிறதா, பனி வழக்கமாக இறங்கும் தடத்தில் நிற்கிறோமா என்று அங்கே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்தத் தடங்களை அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. மலைமுகட்டிலிருந்து சாலைவரை மரம் இல்லாத பட்டை ஒன்று இறங்கி வரும், ஓரத்து மரங்கள் ஒரு பக்கக் கிளையை இழந்து நிற்கும், கீழே அழுக்கும் கல்லும் கலந்த பழைய பனிக்குவியல் கிடக்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது.

கடிகாரம் மட்டும் காப்பாற்றாத சந்தர்ப்பமும் உண்டு. அது புதுப் பனி. மார்ச், ஏப்ரலிலும் மேற்கிலிருந்து வரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்கிற புயல் அமைப்பு இமயத்தில் பெரும் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். 2021 ஏப்ரல் 23 அன்று, பங்கார்சுல்லா இருக்கும் அதே சமோலி மாவட்டத்தில், நீதிப் பள்ளத்தாக்குப் பக்கம் சும்னாவில் எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மீது பனிச்சரிவு விழுந்தது. அதற்கு முன் சில நாட்களாக விடாத பனி. ராணுவம் 384 பேரை மீட்டது, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகே மாணாவில் நடந்ததும் இப்படித்தான். விடியற்காலை ஆறு மணிக்கு முன்பு, வெயிலே இல்லாத நேரம். 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள், 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் பிழைத்ததற்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த இரும்புக் கண்டெய்னர்கள் ஒரு காரணம். பனி மூடினாலும் உள்ளே மூச்சுவிடக் காற்று இருந்தது. ஆக, பனிப்புயலின்போதும் அது விட்ட முதல் ஒன்றிரண்டு நாட்களிலும் அதிகாலை, மதியம் என்கிற பாகுபாடே கிடையாது. அந்த நாட்களில் சாய்வுப் பக்கம் போகாமல் கூடாரத்தில் சீட்டு விளையாடுவதுதான் உருப்படியான காரியம். புயல் விட்டு வெயில் அடிக்கும் முதல் நாள் பார்க்க மிக அழகாக இருக்கும், ஆட்களை ஏமாற்றுவதும் அதுதான்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றையும் நம்பவேண்டும். காலை வைத்தால் தடம் பதியாமல் இருந்தால் நல்லது. கணுக்கால்வரை இறங்கினால் நேரம் முடியப்போகிறது என்று பொருள். அதற்கு மேல் இறங்கினால் ஏற்கெனவே தாமதம். கையில் அள்ளிப் பிசைந்து பார்க்கலாம். உருண்டையாகப் பிடிபட்டால் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது, பிழிந்தால் சொட்டினால் அந்தச் சாய்வில் வேலை இல்லை. ஊன்றுகோலால் மேலோட்டைக் குத்திவிட்டு அழுத்துங்கள். ஓட்டுக்குக் கீழே தடையே இல்லாமல் கோல் சரசரவென்று இறங்கினால், மேலே மெல்லிய ஓடு, கீழே கஞ்சி. சாய்வில் சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாகவே உருண்டு கோடு போட்டுக்கொண்டு வந்தால், அது குழந்தைகளுக்குக் காட்டி ரசிக்க வேண்டிய காட்சியல்ல, உடனே விலக வேண்டிய அறிகுறி. பக்கத்து மலையில் பனி விழும் சத்தம் கேட்டாலும் அதே முடிவுதான், உங்கள் சாய்வும் அதே வெயிலில்தான் இருக்கிறது.

குறுக்கே கடந்தே ஆகவேண்டிய சாய்வு இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, ஒருவர் பத்திரமான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், புதைந்தால் கடைசியாக எங்கே தெரிந்தார் என்பதே தேடலின் தொடக்கம். நம் குழுக்கள் செய்யும் பெரிய தப்பு, சாய்வின் நடுவில் மூச்சு வாங்க எல்லோரும் ஒன்றாக உட்காருவது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் இடம் அதுவல்ல. முகட்டில் நடக்கும்போது ஓரத்துக்குப் போகக் கூடாது. காற்று அடித்து உருவாக்கிய பனிவிளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே நிற்பவருக்குத் தரை மாதிரியே தெரியும், மதிய வெயிலில் உடையும்.

முன்னறிவிப்பு என்று பார்த்தால், சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்கிற ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மணாலியில் இருந்த பழைய பனி ஆய்வு மையமும் இன்னொரு ஆய்வகமும் 2020இல் இணைந்து உருவானது இது. எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கு, ஒரு உயரத்துக்கு மேல் என்று வரும். நீங்கள் கடக்கப்போகும் ஓடையைப் பற்றி அதில் இருக்காது. அதற்கு அன்றைய காலையில் உங்கள் கண்தான். ஐரோப்பாவில் ஐந்து படிகள் கொண்ட அபாய அளவுகோல் இருக்கிறது. அங்கே உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடுப்படியான மூன்றில்தான். நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், மூன்று என்றால் "பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

புதைந்தால்? முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு மூச்சுத்திணறலால் அந்த வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வர அவ்வளவு நேரத்தில் முடியாது, ஆகவே தோண்டப்போவது கூட வந்தவர்கள்தான். அதற்கு மூன்று பொருள் வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் செய்கிற டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக் கம்பி, உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பாதி வீண். குல்மார்க்கில் கொண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறி அபர்வட் மலையில் சறுக்கப் போகிறவர்களிடம் இவை இருக்கும். நம் ஊரிலிருந்து பணம் கட்டிப் போகும் சாதாரண மலையேற்றக் குழுக்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படியென்றால் அந்தக் குழுவின் பாதுகாப்பு முழுக்கவும் வழித்தேர்விலும் நேரத்திலும்தான் நிற்கிறது.

எனவே ஏப்ரல், மே பனி மலையேற்றத்துக்குப் பதிவு செய்யும்போது, ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். சிகரத்துக்குப் போகும் நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எங்கே இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? முந்தைய இரவு மேகம் மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்? பனி கொட்டினால் காத்திருக்க அட்டவணையில் உபரி நாள் இருக்கிறதா? "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.